‘சிக்னல் இல்லை’: ஒரு பழைய டெக்கைப் புது டிவியில் இணைத்த நிகழ்வு

பக்கத்து வீட்டு அக்கா தோளில் ஒரு பையும் இரண்டு கைகளில் அணைத்தபடி வீடியோ கேசட் ஓட்டும் ஒரு டெக்கும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். பையில் ஏழு வீடியோ கேசட்டுகள்.

“டெக் போயிடுச்சுன்னு நினைக்கிறேன் தம்பி. என்ன செஞ்சாலும் டிவியில ‘சிக்னல் இல்லை’ன்னுதான் வருது. கேசட்டுல இருக்கறத வேற எப்படியாவது எடுக்க முடியுமான்னு பாரு.”

எல்லாம் அவருடைய கணவர் எடுத்த பதிவுகள். கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. “படத்துல அவர் இருக்க மாட்டார். கேமிராவ பிடிச்சதே அவர்தானே. பின்னாடி பேசறது மட்டும் கேக்கும்” என்றார். அந்த வேலை மூன்று நாள் நீண்டது. எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று குழம்பிய ஒவ்வொரு இடத்திலும் இந்தப் பேச்சுதான் எனக்கு வழி காட்டியது.

நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன். டிவி திரையில் வந்த அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் நான்கு வேறு வேறு தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. நான்கில் ஒன்றுகூட டெக்கின் கோளாறு இல்லை. ஆனால் அந்த வரியை நம்பி டெக்கைத் தூக்கிப் போட இருந்தார்கள். இதே நிலையில் இன்னும் எத்தனையோ வீடுகளில் டெக்குகள் பரண்மேல் கிடக்கும்.

கையில் இருந்தவை

டெக் 1990களில் வந்த வி.எச்.எஸ். வகை, அதாவது வீடுகளில் பரவலாக இருந்த பெரிய கேசட் வகை. டிவிப் படத்துக்கான தரமுறைகளில் பி.ஏ.எல். முறை. பின்பக்கத்தில் ஆண்டெனா உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, படத்துக்கு ஒரு மஞ்சள் சாக்கெட், ஒலிக்கு ஒரே ஒரு வெள்ளை சாக்கெட். சிவப்பு கிடையாது. அதாவது ஸ்டீரியோ இல்லாத மோனோ டெக்.

டிவி நான்கு ஆண்டுகளுக்குள் வாங்கிய தட்டைத் திரை, 4கே வகை. மூன்று எச்.டி.எம்.ஐ., ஒரு ஆண்டெனா சாக்கெட், ‘ஏ.வி.’ என்று எழுதிய, ஹெட்போன் ஓட்டை மாதிரியான ஒரு 3.5 மில்லிமீட்டர் ஓட்டை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை சாக்கெட்டுகள் எங்கும் இல்லை. இப்போதைய டிவிகளில் இடத்தை மிச்சப்படுத்த மூன்றையும் இந்த ஒரே ஓட்டைக்குள் அடக்கிவிடுகிறார்கள்.

அக்காவின் மகன் ஏற்கெனவே மூன்று வழிகளில் முயன்றிருந்தார். ஆண்டெனா கேபிளில் இணைத்து சேனல் தேடியது ஒன்று. ஒரு சின்ன கன்வெர்ட்டர் பெட்டி வாங்கி எச்.டி.எம்.ஐ. வழியாக இணைத்தது இரண்டு. பழைய கேம்கார்டரோடு வந்த, ஒரு முனையில் ஒற்றைப் பின்னும் மறுமுனையில் மூன்று வண்ணப் பிளக்குகளும் உள்ள கேபிளை அந்த ஏ.வி. ஓட்டையில் செருகியது மூன்று. எல்லா முறையும் திரையில் அதே வரி. மூன்று வழியும் அடைத்தால் கோளாறு டெக்கில்தான் என்று யாருக்கும் தோன்றும்.

உறுமலுக்கு நடுவே

கேள்வி கேட்டுக்கொண்டே வந்தபோது அக்கா ஒன்று சொன்னார். “கடைசியா அந்த மூணு கலர் வயர் போட்டப்ப மட்டும் டிவி கர்ர்னு உறுமுச்சு. அந்த உறுமலுக்கு நடுவுல அவர் பேசற மாதிரி இருந்துச்சு. எனக்குத்தான் அப்படித் தோணுச்சோ என்னவோ.”

அவருக்குத் தோன்றியது பிரமை இல்லை. சில டிவிகள் படம் கிடைக்கவில்லை என்றால் ஒலியையும் அடைத்துவிடும். இந்த டிவி அடைக்கவில்லை, அதனால் துப்பு கிடைத்தது. குரல் கேட்டது என்றால் டெக்குக்குள் டேப் ஓடுகிறது. உறுமல் கேட்டது என்றால் படத்தின் சிக்னல் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. பி.ஏ.எல். முறையில் நொடிக்கு 50 முறை திரை நிரப்பப்படுகிறது. அந்த வீடியோ சிக்னல் ஒலிக்கான தொடுமுனையில் போய் விழுந்தால், காதுக்கு அது 50 ஹெர்ட்ஸ் உறுமலாகத்தான் கேட்கும்.

ஆனாலும் இதை வைத்தே டெக் நலம் என்று முடிவு கட்ட முடியாது. இந்த மாதிரி மோனோ வி.எச்.எஸ். டெக்கில் ஒலியைப் படிப்பது அசையாமல் நிற்கும் ஒரு தனி ஹெட், அதாவது டேப்பில் உள்ள காந்தப் பதிவைப் படிக்கும் முனை. படத்தைப் படிப்பது சுழலும் டிரம்மில் உள்ள ஹெட்கள். குரல் நன்றாக வந்து படம் அறவே வராமல் போகும் டெக்குகள் நிறைய உண்டு. மஞ்சள் சாக்கெட்டில் வருவது படம்தானா என்பதைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

டெக்கைத் திறந்தது

பல வருஷம் ஓடாமல் இருந்த டெக்கில் யாருடைய குரல் உள்ள கேசட்டையும் நான் போடுவதில்லை. கெட்டிப்பட்ட ரோலர் டேப்பின் விளிம்பை மடித்துவிடும். மோனோ ஒலி எழுதப்பட்டிருப்பது அந்த மேல் விளிம்பில்தான், 1 மில்லிமீட்டர் அகலத்தில். டேப்பின் மொத்த அகலம் 12.7 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி படத்துக்கு. விளிம்பு கசங்கினால் முதலில் போவது குரல். இந்தக் கேசட்டுகளில் நடக்கவே கூடாதது அதுதான்.

மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு மணி நேரம் விட்டு, மேல்மூடியைக் கழற்றினேன். பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஆனால் பிசுபிசுத்து உருகவில்லை. ரப்பர் ரோலர் பளபளவென்று இறுகியிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் ரோலரையும், அதோடு ஒட்டிச் சுழலும் உலோகத் தண்டையும், ஒலி ஹெட்டையும் துடைத்தேன். குச்சி கறுப்பாக வந்தது.

டிரம்முக்குப் பஞ்சுக் குச்சி கூடவே கூடாது. 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த உருளையின் விளிம்பில் ஹெட்கள் மயிரிழை அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பஞ்சு நூல் அதில் மாட்டி இழுத்தால் ஹெட் உடைந்துவிடும், பிறகு மாற்று ஹெட் தேடி அலைய வேண்டியதுதான். நூல் பிரியாத ஒரு துணித் துண்டை ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் லேசாக ஒற்றி அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் டிரம்மின் மேல்பகுதியை மெதுவாகச் சுற்றினேன். துணி நிற்க வேண்டும், டிரம் சுற்ற வேண்டும். துணியை மேலும் கீழும் தேய்க்கவே கூடாது.

காய்ந்த பிறகு, போனாலும் பரவாயில்லை என்ற ஒரு கேசட்டைப் போட்டு ஓட்டினேன். என்னிடம் ஒரு சிறிய பிக்சர் டியூப் டிவி இருக்கிறது. இந்த மாதிரி வேலைகளுக்காகவே அதை வைத்திருக்கிறேன். டெக்கின் மஞ்சளை அதன் மஞ்சளில் செருகினேன். படம் வந்தது. ஓரிரு வெள்ளைக் கோடுகள், மற்றபடி நல்ல படம்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டெக் சாகவில்லை என்று தெரிந்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனிப் பார்க்க வேண்டியது டெக்கின் சாக்கெட்டுக்கும் டிவியின் சாக்கெட்டுக்கும் நடுவில்.

மூன்று வழிகள், மூன்று தனித் தடைகள்

ஆண்டெனா வழியில் நேரம் செலவழிக்கவில்லை. டெக்குக்குள் ஒரு குட்டி ஒலிபரப்பி இருக்கிறது. படத்தை ஒரு டிவி சேனலாக மாற்றி அனுப்பும். பி.ஏ.எல். டெக்குகளில் அது பெரும்பாலும் யு.எச்.எஃப். 36ஆம் சேனலை ஒட்டி இருக்கும், அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் என்.டி.எஸ்.சி. முறை டெக்குகளில் 3 அல்லது 4. அதைப் பிடிக்க டிவியில் அனலாக் டியூனர் வேண்டும். இந்த டிவியின் தேடல் மெனுவில் டிஜிட்டல் மட்டுமே இருந்தது. எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது. டியூனர் இருந்தால்கூட இந்த வழியைக் கடைசியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், மூன்றிலும் மோசமான படம் இதில்தான் வரும்.

இரண்டாவது, அந்தக் கன்வெர்ட்டர் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ., மறுபக்கம் மூன்று வண்ண சாக்கெட்டுகள், சிவப்பு விளக்கு எரிகிறது. எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஆனால் திருப்பிப் பார்த்தால் மேலே எழுதியிருந்த வரிசையில் எச்.டி.எம்.ஐ. முதலிலும் ஏ.வி. இரண்டாவதாகவும் இருந்தது. இது புதுக் கருவியைப் பழைய டிவியில் இணைக்கும் பெட்டி. நமக்கு வேண்டியது பழைய கருவியைப் புது டிவியில் இணைக்கும் பெட்டி. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே சாக்கெட்டுகள், திசை மட்டும் எதிர். விளக்கு எரிவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. டெக்கை டிவியில் இணைக்கப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில் ஏமாறுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், மனது கஷ்டமாக இருக்கிறது. பெட்டியை வாங்கும்போது வண்ண சாக்கெட்டுகளின் பக்கத்தில் ‘உள்ளே’ என்ற பொருள் தரும் சொல்லும், எச்.டி.எம்.ஐ. பக்கத்தில் ‘வெளியே’ என்ற பொருள் தரும் சொல்லும் அச்சிட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பெட்டியே இல்லாமல், ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் மூன்று வண்ணப் பிளக்குகள் உள்ள வெறும் கேபிளும் விற்கிறார்கள். டெக்குக்கு அது உதவாது. டெக் தருவது 1 வோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும் ஒரு அனலாக் அலை. எச்.டி.எம்.ஐ. எதிர்பார்ப்பது டிஜிட்டல் எண்கள். நடுவில் உட்கார்ந்து எண்ணாக மாற்றித் தர ஒரு சிப் வேண்டும், அந்தச் சிப்புக்கு மின்சாரம் வேண்டும்.

மூன்றாவது, உறுமிய கேபிள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் விடை கையிலேயே இருந்தது.

அந்த 3.5 மில்லிமீட்டர் பின்னை உற்றுப் பார்த்தால் மூன்று கறுப்பு வளையங்கள் அதை நான்கு உலோகத் துண்டுகளாகப் பிரித்திருக்கும். இடது ஒலி, வலது ஒலி, படம், பொது எர்த் என்று நான்குக்கும் ஒவ்வொரு துண்டு. எது எந்தத் துண்டில் என்பதில் எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒத்துப்போகவில்லை. மல்டிமீட்டரை எடுத்துக் கேபிளின் இரு முனைகளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இந்தக் கேபிளில் நுனி வெள்ளைப் பிளக், அடுத்த வளையம் மஞ்சள், அதற்கடுத்தது எர்த், அடிப்பகுதி சிவப்பு. டிவியின் கையேட்டில் இருந்த படமோ நுனி இடது ஒலி, அடுத்தது வலது ஒலி, பிறகு எர்த், அடிப்பகுதி படம் என்றது.

மஞ்சளை மஞ்சளில் செருகியதால் படம் நேராக வலது ஸ்பீக்கருக்குப் போய் உறுமியிருக்கிறது. வெள்ளை மட்டும் சரியான இடத்தில் இருந்ததால் இடது ஸ்பீக்கரில் அவர் குரல் வந்திருக்கிறது. அக்காவின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

எர்த் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தது நல்ல காலம். அப்படி இருந்தால் புதுக் கேபிள் வேண்டாம், பிளக்கை மாற்றிச் செருகினால் போதும். டெக்கின் மஞ்சள் சாக்கெட்டில் கேபிளின் சிவப்புப் பிளக்கைச் செருகினேன். வெள்ளையில் வெள்ளை. டிவி ரிமோட்டில் ஏ.வி.யைத் தேர்ந்தெடுத்ததும் திரை முழுக்கப் படம்.

ஒலி இடது ஸ்பீக்கரில் மட்டும் வந்தது, டெக் மோனோ என்பதால். ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒரு சின்ன இணைப்பானை டெக்கின் வெள்ளை சாக்கெட்டில் போட்டு, ஒரு கிளையை வெள்ளைப் பிளக்கிலும் இன்னொன்றை மஞ்சள் பிளக்கிலும் இணைத்தேன். இப்போது சிவப்பில் படம், மஞ்சளில் ஒலி. நாளைக்கு யாராவது ‘தப்பா இருக்கே’ என்று திருத்திவிடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு பிளக்கிலும் காகிதம் சுற்றி எழுதி ஒட்டினேன்.

எர்த் இடம் மாறியிருக்கும் கேபிளாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது, அந்த டிவிக்குரிய கேபிளேதான் வேண்டும். சில டிவிகளில் பச்சை சாக்கெட்டின் விளிம்பில் மஞ்சள் வளையமும் இருக்கும். அங்கே மஞ்சள் பிளக் பச்சையில் போக வேண்டும். அப்படிச் செருகியும் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், டிவி அந்த சாக்கெட்டை காம்பொனென்ட், அதாவது படத்தை மூன்று வயர்களில் பிரித்து அனுப்பும் முறை, என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. மெனுவில் ஏ.வி. என்று மாற்றினால் நிறம் வந்துவிடும்.

படம் வந்தது, நிற்கவில்லை

மறுநாள் அக்காவின் கேசட்டுகளை எடுத்தோம். ஒவ்வொன்றின் முதுகுப்புறத்திலும் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கு உடைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். உடையாமல் இருந்தால் தவறி ரெக்கார்டு பொத்தான் பட்டாலே எல்லாம் அழியும். இரண்டில் உடையாமல் இருந்தது, அக்காவிடம் கேட்டு உடைத்தேன். ஒருமுறை கடைசிவரை முன்னே ஓட்டிப் பின்னே சுற்றினேன், ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் விடுபட.

படம் வந்தது. ஒரு சிறு பெண் திண்ணையில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறாள். பின்னாலிருந்து ஒரு குரல், “இங்க பாரு”. அவ்வளவுதான், திரை நீலமானது. ‘சிக்னல் இல்லை’. இரண்டு மூன்று நொடி கழித்துப் படம் திரும்பியது, மேல்பகுதி கொடி போல ஒரு பக்கமாக வளைந்தபடி. ஒவ்வொரு காட்சி மாறும்போதும் இதேதான் நடந்தது.

இந்த முறை ஒலியும் சேர்ந்து அறுந்தது. படமே இல்லாதபோது உறுமலை விட்டுக்கொண்டிருந்த அதே டிவி, ஓடிக்கொண்டிருந்த படம் அறுந்தால் மட்டும் இரண்டையும் மூடிவிட்டுப் புதிதாக அடையாளம் காண முயன்றது. அவரோ கேமிராவை இயக்கியதும் முதலில் ஏதாவது பேசுகிற பழக்கமுள்ளவர். ஒவ்வொரு காட்சியின் முதல் இரண்டு நொடி போனால், போவது அவர்தான்.

இதே கேசட்டை என் பிக்சர் டியூப் டிவியில் போட்டேன். காட்சி மாறும் இடத்தில் படம் ஒரு கணம் துள்ளியது, மேலே லேசாக வளைந்தது, அறுக்கவே இல்லை.

ஏன் இந்த வித்தியாசம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வி.எச்.எஸ். கேசட்டில் படம் காந்தக் கோடுகளாக டேப்பின் குறுக்கே சாய்வாக எழுதப்பட்டிருக்கிறது. டிரம் நொடிக்கு 25 முறை சுற்ற, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஹெட்கள் ஆளுக்கு ஒரு சாய்கோட்டைப் படிக்கின்றன. அதிலிருந்து நொடிக்கு 15,625 வரிகள் வர வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் 64 மைக்ரோநொடி. ஆனால் டேப் ரப்பர் ரோலரால் இழுபடும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாடா. இழுவிசையில் சின்ன மாற்றம் வந்தாலும் ஒரு வரி முந்தியும் அடுத்த வரி பிந்தியும் வரும். அப்புறம் இது கேம்கார்டரின் சின்னக் கேசட்டிலிருந்து எடுத்த நகல் என்றார் அக்கா. முதல் கருவியின் தள்ளாட்டமும் நகலெடுத்த டெக்கின் தள்ளாட்டமும் சேர்ந்துதான் நமக்கு வருகின்றன. கேமிராவை நிறுத்தி மறுபடி தொடங்கிய இடங்களில் வரிகளின் கணக்கே ஒரு துள்ளலாக மாறிவிடுகிறது.

பிக்சர் டியூப் டிவி ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரும் அடையாளத் துடிப்பைப் பார்த்து எலக்ட்ரான் கற்றையைத் திருப்புகிறது. துடிப்பு கொஞ்சம் தாமதித்து வந்தால் அதுவும் தாமதித்துத் திருப்பும். சிக்னல் தள்ளாடினால் கூடவே தள்ளாடிக்கொண்டு போகும். தட்டைத் திரை டிவி அப்படி இல்லை. வரும் வரியைத் தன் சொந்தக் கடிகாரத்தின்படி எண்ணாக மாற்றி, நினைவகத்தில் அடுக்கி, ஒரு முழுப் படம் சேர்ந்த பிறகே காட்டுகிறது. துடிப்பு எதிர்பார்த்த இடைவெளிக்கு வெளியே விழுந்தால் ‘இது படமே இல்லை’ என்று முடிவெடுத்துக் கதவை மூடிவிடுகிறது. நிலையான ஒலிபரப்பையும் டிஸ்க்கையும் மனதில் வைத்துச் செய்யப்பட்ட கருவி, தள்ளாடும் டேப் அதற்குப் பழக்கமில்லை.

ஹெட்கள் டேப்பின் சாய்கோடுகள்மேல் சரியாகப் போகும்படி பொருத்தும் டிராக்கிங் பொத்தானை டெக்கில் அழுத்தி அழுத்திச் சரிசெய்ததில் வெள்ளைக் கோடுகள் குறைந்தன, வளைவும் கொஞ்சம் குறைந்தது. அறுபடுவது நிற்கவில்லை.

சரியான திசையில் வேலைசெய்யும் ஒரு கன்வெர்ட்டர் பெட்டியை நண்பரிடம் வாங்கி முயன்றேன். இதில் நீலத்திரை வரவில்லை. ஆனால் காட்சி மாறும் இடத்தில் படம் உறைந்தது. யாராவது குறுக்கே நடந்தால் விட்டு விட்டு நகர்ந்தார்கள். அந்தப் பெட்டி எது வந்தாலும் நொடிக்கு 60 படங்கள் என்றே வெளியே அனுப்பியது. 50ஐ 60ஆக நீட்ட அங்கங்கே ஒரு படத்தை இரண்டு முறை காட்டுகிறது, அதுதான் தடுக்கல். நான்குக்கு மூன்று வடிவப் படத்தைத் திரை முழுக்க இழுத்தும் விட்டது, முகங்கள் எல்லாம் அகலமாக. அவசரத்துக்கு ஆகும். இந்தக் கேசட்டுகளுக்கு எனக்கு மனசு வரவில்லை.

இடையில் ஒரு பெட்டி

முதலில் குரலைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று, டெக்கின் ஒலியை டிவிக்கு விடாமல் தனி ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன். திரை நீலமானாலும் குரல் அறாமல் வந்தது. “இங்க பாரு... இல்ல, இந்தப் பக்கம்... ஆங், அப்படியே இரு.” அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “இதுவே போதும் தம்பி” என்றார்.

எனக்குப் போதவில்லை. அவர் யாரைப் பார்த்து ‘அப்படியே இரு’ என்றாரோ அந்தப் பிள்ளையும் தெரிய வேண்டும். டிவி படத்தைச் செயலாக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தால் உதட்டசைவு குரலுக்குப் பின்னால் வந்ததும் உறுத்தியது.

இந்தத் தள்ளாட்டத்துக்கு என்றே டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி உண்டு. தாறுமாறாக வரும் வரிகளை நினைவகத்தில் வாங்கி வைத்து, தன் கடிகாரப்படி ஒழுங்காகத் திருப்பி அனுப்பும். ஒலிபரப்பு நிலையங்களில் புழங்கியது, வீடுகளில் காண்பது அரிது. ஆனால் அதில் பாதி வேலையைச் செய்யும் ஒன்று பல வீட்டு அலமாரிகளில் தூங்குகிறது: பழைய டிவிடி ரெக்கார்டர். டிஸ்க்கில் பதிவதற்காக உள்ளே வரும் படத்தை அது எப்படியும் எண்ணாக மாற்றி, முழுப் படங்களாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பதியாமல் சும்மா கடந்துபோக விட்டாலும், வெளியே வருவது அதன் சொந்தக் கடிகாரத்தில் வரும் சுத்தமான சிக்னல். உள்ளே ஒரு படம் கெட்டுப்போனால் முந்தைய படத்தையே ஒருமுறை கூடக் காட்டிச் சமாளிக்கும், இணைப்பை அறுக்காது. எல்லா ரெக்கார்டரும் இதைச் செய்வதில்லை. பானசோனிக்கின் டி.எம்.ஆர். இ.எஸ்.10, இ.எஸ்.15 இரண்டும் டேப்பிலிருந்து படம் எடுப்பவர்களிடையே இந்தக் குணத்துக்காகவே பெயர் பெற்றவை. என்னிடம் இருந்தது வேறொன்று. முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

டெக்கின் மஞ்சளிலிருந்து ரெக்கார்டரின் மஞ்சள் உள்ளீட்டுக்கு ஒரு கேபிள். டெக்கின் வெள்ளையிலிருந்து பிரித்து ரெக்கார்டரின் வெள்ளை, சிவப்பு இரண்டுக்கும். ரெக்கார்டரிலிருந்து டிவிக்கு எச்.டி.எம்.ஐ. ரெக்கார்டரின் ரிமோட்டில் சேனல் மாற்றும் பொத்தானை அழுத்தி, வெளி உள்ளீடு வரும்வரை நகர்த்தினேன். நேற்று அவ்வளவு பாடுபட்டு வயரிங் கண்டுபிடித்த கேபிள் இதோடு தேவையில்லாமல் போயிற்று. அதுவும் சரிதான், அது இல்லாமல் நான்காவது தடை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

கேசட்டை ஆரம்பத்திலிருந்து ஓட்டினேன். திண்ணை. சிறு பெண். “இங்க பாரு.” காட்சி மாறும் இடம் வந்தது. படம் ஒரு கண் இமைக்கும் நேரம் நின்றது, அடுத்த காட்சி தொடங்கியது. நீலத்திரை இல்லை. குரல் அறவில்லை. மேல் வளைவு அநேகமாக மறைந்துவிட்டது. ஒலியும் படமும் ஒரே வழியில் வருவதால் உதட்டசைவும் பொருந்தியது. அந்த ஒரு கேசட்டை முழுதாக ஓட்டிப் பார்த்தோம், ஒருமுறைகூட அந்த வரி திரையில் வரவில்லை.

ஒரு குறிப்பு. கடையில் விற்ற சினிமா கேசட்டுகளில் நகலெடுப்பதைத் தடுக்கும் துடிப்புகளைச் சேர்த்திருப்பார்கள், 1980களின் நடுவிலிருந்தே அது உண்டு. அந்தக் கேசட்டுகளை ரெக்கார்டர் வழியாக விட்டால் படம் மாறி மாறி இருண்டு வெளுக்கலாம், ரெக்கார்டர் மறுத்தும் விடலாம். வீட்டுப் பதிவுகளில் அந்தத் தொல்லை இல்லை.

திரையில் செய்த மாற்றங்கள்

“இவ்வளவு மங்கலாவா இருந்துச்சு?” என்று அக்காவின் மகன் கேட்டார். நியாயமான கேள்வி. பி.ஏ.எல். படத்தை 720க்கு 576 புள்ளிகள் என்று எண்ணாக மாற்றினால், 3840க்கு 2160 புள்ளிகள் உள்ள 4கே திரையில் ஒவ்வொரு புள்ளியையும் 20 மடங்கு பரப்புக்கு நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த 720இலும் வி.எச்.எஸ். உண்மையாகத் தருவது கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 கோடுகள் அளவு நுணுக்கம்தான். சிறிய திரையில் பார்த்துப் பழகிய படம் பெரிய திரையில் தன் உண்மையான அளவைக் காட்டுகிறது.

டிவியில் ஷார்ப்னஸைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்கினேன். அது இல்லாத விளிம்புகளுக்கு வெள்ளைக் கரை போட்டுக்கொண்டிருந்தது. ‘பளிச்’ என்ற பட அமைப்பை விட்டு இயல்பான அமைப்புக்கு மாற்றினேன். வடிவத்தை நான்குக்கு மூன்று ஆக்கினேன், இரு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது, முகங்கள் அவரவர் முகங்களாயின. அடியில் ஒரு மெல்லிய பட்டை கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஹெட்டிலிருந்து இன்னொரு ஹெட்டுக்குத் தாவும் இடம் அது. பழைய டிவிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்கு அடியில் மறைத்துவிடும் என்பதால் எல்லா வி.எச்.எஸ். படத்திலும் இருந்த இந்தப் பட்டையை யாரும் பார்த்ததில்லை. ஓவர்ஸ்கேன் அமைப்பை இயக்கியதும் மறைந்தது. அப்புறம் நாற்காலிகளை இரண்டடி பின்னால் தள்ளிப் போட்டோம், அதில் கிடைத்த தெளிவு மெனுவில் கிடைத்ததைவிட அதிகம்.

ரெக்கார்டர் நடுவில் இருப்பதால் பார்க்கும்போதே டிஸ்க்கிலும் பதிந்தோம். இதை நான் வற்புறுத்திச் சொன்னேன். வி.சி.ஆர்., அதாவது இந்த வகை டெக்குகளைத் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. அந்தத் தளர்ந்த பெல்ட் இன்னும் எத்தனை கேசட்டுக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஆறு கேசட்டுகளையும் மூன்றாவது நாள் இரவுக்குள் பதிந்து, டிஸ்க்குகளிலிருந்து கணினிக்கு நகலெடுத்து, மகனிடம் ஒரு பிரதியும் அக்காவிடம் ஒரு பிரதியும் கொடுத்தேன்.

ஏழாவது கேசட்

ஏழாவதை ஓட்டவில்லை. கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது டேப் சுற்றின் மேல் சாம்பல் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். பூஞ்சை. ஓட்டினால் அது டிரம்மில் ஒட்டும், ஹெட்டை அடைக்கும், அடுத்துப் போடும் கேசட்டுகளுக்கும் பரவும். டேப் கிழியவும் கூடும். கேசட்டின் கூட்டைத் திறந்து, டேப்பைச் சுத்தம் செய்து, அதற்கென்றே ஒதுக்கிய வேறொரு டெக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கருவி என்னிடம் இல்லை. அரைகுறையாகச் செய்து பார்க்கும் வேலையும் இல்லை இது.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு தனிப் பையில் மூடி, நிற்கும்படி வைத்து, மேலே ‘ஓட்ட வேண்டாம், பூஞ்சை’ என்று எழுதினேன். கேசட்டின் முதுகில் இருந்த பழைய சீட்டில் நீல மையில் ஒரு தேதியும் ‘மழை’ என்ற ஒரு சொல்லும் அவர் கையெழுத்தில் இருந்தன. என் சீட்டு அதை மறைக்காமல் பார்த்து ஒட்டினேன். சுத்தம் செய்து தரும் ஒருவரிடம் பேசிவிட்டேன், அடுத்த மாதம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.